வனம் வளர்த்த அறிஞர் பிராண்டிஸ்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் குடியேறி வாழும் நமக்குக் காவு புதிதன்று. தமிழில் 'கா' என வழங்கும் சோலையே இங்குக் 'காவு' எனப்படுகிறது. தெய்வத்திற்கென விட்ட மரத்தை ஊரார் வெட்டுவதில்லை. இவ்வழக்கத்தின் அருமையை உணர்ந்து எழுதியவர்களுள் ஒருவர் ஜெர்மானியர் என்பதைப் பலர் அறியார். அவரே டீட்ரிச் பிராண்டிஸ்.

1824-ஆம் ஆண்டில் பான் நகரில் பிறந்த அவர், அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே தாவரவியல் கற்பித்தார். அவர் மணந்த ரேச்சல் அம்மையார் சீராம்பூர் மார்ஷ்மன் பாதிரியாரின் மகள். படைத்தலைவர் ஹாவ்லக்கின் மைத்துனி. இவ்வுறவின் வாயிலாக அவர் பெயர் டல்ஹௌசி பிரபுவுக்கு எட்டியது. 1856-இல் பர்மாவின் பெகு நாட்டுத் தேக்கு வனங்கள் அவர் பொறுப்பில் வந்தன.

வியாபாரிகள் தேக்கை வரைமுறையின்றி வெட்டிய காலம் அது. நிற்கும் மரத்தின் கணக்குத் தெரியாமல், வெட்டத்தக்க அளவை எங்ஙனம் சொல்வது? பிராண்டிஸ் யானைமீதேறிக் காடுகளை வலம் வந்தார். கையில் மூங்கில் துண்டுகள். மரத்தின் பருமனுக்கேற்ப ஒவ்வொரு துண்டு. கண்ட மரத்திற்கெல்லாம் கத்தியால் ஒரு குறி. மழையில் காகிதம் நனையும். மூங்கிலுக்கு அக்கவலை இல்லை. இக்கணக்கைக் கொண்டு, ஆண்டுதோறும் முதிரும் அளவே வெட்டவேண்டும் என வரையறுத்தார். மலையில் காடு திருத்திப் பயிரிட்ட கரேன் மக்களைப் பகைக்காமல், அவர்தம் பயிரோடு தேக்கையும் வளர்க்கச் செய்தார்.

1864-இல் இந்திய வனத்துறையின் முதல் தலைவரானார். 1878-இல் டேராடூனில் வனப்பள்ளி தோன்றியது. அவ்வாண்டே வனச் சட்டமும் பிறந்தது. காடெல்லாம் சர்க்காருக்கே உரியது என வாதித்தார் பேடன் பவல் என்னும் அதிகாரி. இன்றியமையாத காடுகளை மட்டும் சர்க்கார் ஏற்று, விறகுக்கும் தழைக்கும் மேய்ச்சலுக்கும் ஊர்க்காடுகளை விடவேண்டும் என்றார் பிராண்டிஸ். சட்டத்தில் ஊர்க்காட்டிற்கு இடம் கிடைத்தது. எனினும் அது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. அவர் வளர்த்த துறையே பின்னர்க் குடியானவனுக்கும் காட்டிற்கும் இடையே வேலியாயிற்று. அவர் புகழைப் பேசும் நாம் இதனையும் மறைத்தலாகாது.

1882-இல் அவர் சேலம் மாவட்ட மலைகளை ஆராய்ந்தார். ஏலகிரி, ஜவ்வாது, சேர்வராயன் மலைகளின் தெய்வச் சோலைகளையும், முன்னரே கண்ட குடகின் தேவரகாடுகளையும் பிற்காலத்தில் எழுத்தில் பதித்தார். சட்டமின்றியே மக்கள் காடு காக்க வல்லவர் என்பதற்கு அவை சான்றல்லவா?

1883-இல் ஓய்வுபெற்றும் அவர் உழைப்பு ஓயவில்லை. இந்திய மரங்களைப் பற்றிய பெருநூலை 1906-இல், தம் 82-ஆம் வயதில் வெளியிட்டார். மறு ஆண்டு பிறந்த ஊரிலேயே மறைந்தார். வனத்தில் ஊராருக்குள்ள உரிமையைப் பாரதம் சட்டமாக ஏற்க 2006 வரை காத்திருக்க நேர்ந்தது.

பிறந்த மண்ணை விட்டு வந்தவர், வந்த மண்ணின் மரத்தையும் மக்களையும் ஒருங்கே எண்ணினார். நாமும் வந்தேறிய குடிகளே. நம் குடியிருப்பின் அருகே எஞ்சியுள்ள காவுகளில் கோடரி படாமல் காப்பது நம் கடன்.