நாடகாசிரியர் இப்சன்

நவீன நாடகத்தின் தந்தையென நாம் போற்றும் ஹென்றிக் இப்சன், நோர்வே நாட்டிலே 1828 ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையின் வணிகம் நொடிந்தமையால் இளமையிலேயே மருந்துக்கடையொன்றிற் பணிபுரிந்தார். செய்யுள் நாடகங்களாற் புகழீட்டியவர், பின்னர் செய்யுளை விடுத்து, மக்கள் பேசும் உரைநடையைக் கைக்கொண்டார். அரசரும் வீரரும் உலாவிய மேடையிலே சாதாரண குடும்பமொன்றின் வீட்டுக்கூடம் தோன்றியது.

1879 இல் வெளிவந்த 'பொம்மை வீடு' நாடகத்தின் தலைவி நோரா. கணவனின் உயிரைக் காக்கத் தந்தையின் கையொப்பத்தைத் தானே இட்டுக் கடன் பெற்றவள்; அதற்காக அவனே தன்னைப் பழித்தபோது, தன்னைத் தான் அறியும்பொருட்டு வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். ஜேர்மனியிலே நடிகை ஒருவர் அம்முடிவை நடிக்க மறுத்தார். பிறர் திரிப்பதிலும் தாமே மாற்றுதல் மேலெனக் கருதிய இப்சன், பிள்ளைகளுக்காக நோரா தங்கிவிடுவதாக வேண்டாவெறுப்புடன் எழுதிக்கொடுத்தார். ஆயினும் உலகம் ஏற்றது முதல் முடிவையே.

1906 இல் அவர் மறைந்தார். மேடைக்கு நாடகம் எழுத விழையும் நாம், கைதட்டலுக்காக முடிவைத் திரிக்கலாமா?