கடலை வென்ற கடிகாரத் தச்சர்

நடுக்கடலில் செல்லும் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று மாலுமிகள் நிச்சயமாக அறிய வழியில்லாத காலம் அது. 1707-ல் நான்கு பிரிட்டிஷ் போர்க் கப்பல்கள் இடம் தெரியாமல் சில்லித் தீவுப் பாறைகளில் மோதி மூழ்கின. 1714-ல் பார்லிமெண்ட் 20,000 பவுன் வரை பரிசு அறிவித்தது. புறப்பட்ட துறைமுகத்தின் மணியைப் பிசகாமல் காட்டும் கடிகாரம் ஒன்று கப்பலில் இருந்தால் போதும். அதற்கும் சூரியன் காட்டும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் 4 நிமிஷத்துக்கு ஒரு பாகை என்று கணக்கிட்டுவிடலாம். ஆனால் கப்பலின் ஆட்டத்தைத் தாங்கும் கடிகாரம் அன்று கிடையாது.

அதைச் செய்யத் துணிந்தவர் ஜான் ஹாரிஸன். 1693-ல் யார்க்ஷயரில் தச்சர் மகனாகப் பிறந்தவர், தாமும் தச்சரே. மரத்தாலேயே பல் சக்கரங்கள் அறுத்துக் கடிகாரம் செய்து பழகியவர்.

1735-ல் அவர் முடித்த முதல் கடல் கடிகாரத்தின் எடை 34 கிலோ. மறு ஆண்டு அது லிஸ்பனுக்குச் சென்று திரும்பியது. இங்கிலாந்துக் கரை தென்பட்டபோது, கப்பலோட்டி கருதிய இடம் தவறு, ஹாரிஸன் சொன்னதே சரி என்று தெரிந்தது. பரிசுக் கமிட்டி மகிழ்ந்தது. குறை கண்டவர் ஹாரிஸன் ஒருவர்தான்! இதைவிட நல்லதாக ஒன்று செய்து தருவதாகக் கூறிப் பணஉதவி மட்டும் பெற்றுத் திரும்பினார்.

இரண்டாவது கடிகாரம் 1739-ல் தயாராயிற்று. அதில் நுனிகளில் குண்டுகள் கொண்ட இரண்டு தண்டுகள் ஆடி நேரத்தை அளந்தன. கப்பல் திசை திரும்பும்போது இத்தண்டுகளின் கதி மாறுவதை ஹாரிஸனே கண்டுபிடித்தார். வேறு யாரும் சொல்லவில்லை. எனினும், அதைக் கடல் சோதனைக்கே அனுப்பாமல் ஒதுக்கிவிட்டார்.

பத்தொன்பது வருஷம்

மூன்றாவதில் தண்டுகளுக்குப் பதில் வட்டச் சக்கரங்கள். உறுப்புகள் மொத்தம் 753. கழற்றினார், மாட்டினார், திருத்தினார். 19 வருஷம் ஓடியும் அது அவர் சொன்னபடி கேட்கவில்லை. அந்தப் போராட்டத்தில் பிறந்தவைதாம் இரு உலோகப் பட்டையும் உருளை பேரிங்கும். இன்று மின்சார இஸ்திரிப் பெட்டி சூடு மிஞ்சாமல் நிற்பது அந்த மாதிரிப் பட்டையால்தான்.

இதற்கிடையே, 1753-ல், சொந்த உபயோகத்துக்காக லண்டன் தொழிலாளி ஒருவரைக் கொண்டு தம் யோசனைப்படி ஒரு பைக் கடிகாரம் செய்வித்தார். அது எதிர்பாராத அளவு ஒழுங்காக ஓடியது. மெதுவாக ஆடும் பெரிய சக்கரத்தைக் கப்பலின் ஆட்டம் எளிதில் குலைத்துவிடும். சிறிய சக்கரம் வேகமாகத் துடித்தால் அவ்வளவு சுலபமாகக் குலையாது. பெரிய யந்திரமே வேண்டும் என்று எண்ணியதுதான் ஆரம்பத் தவறு! அறுபது வயதில் இதை ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்?

1759-ல் நான்காவது பிறந்தது. 13 சென்டிமீட்டர் அகலம். விநாடிக்கு 5 துடிப்பு. 1761-ல் மகன் வில்லியம் அதை ஜமைக்காவுக்குக் கொண்டு சென்றார். வழக்கமான வித்தியாசத்தைக் கழித்தால் 81 நாளில் பிசகியது 5 விநாடியே.

கமிட்டி உடனே நம்பவில்லை. மீண்டும் சோதனை, மீண்டும் நிபந்தனை. 1765-ல் 10,000 பவுனும், மன்னர் மூன்றாம் ஜார்ஜின் ஆதரவுக்குப் பின் 1773-ல் பார்லிமெண்ட் வழங்கிய 8,750 பவுனும் கிடைத்தன. 1776-ல் ஹாரிஸன் காலமானார்.

நான்கும் கிரீனிச்சில் உள்ளன. எண்ணெய் வேண்டாத முதல் மூன்றும் அங்கே ஓடுவதைக் காணலாம். வெற்றி தந்த நான்காவது, தேய்ந்துவிடாதிருக்க நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.