சுவாமி விபுலானந்தர்: இசையைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துச் சென்றவர்

எம் பாடசாலையில் படித்த எவருக்கும் சுவாமி விபுலானந்தர் புதியவர் அல்லர். வாணி விழா நெருங்கும்போது, இறைவனுக்கு உகந்த மலர்களைப் பற்றிய அவருடைய பாட்டை எத்தனை முறை பாடிப் பழகியிருப்போம்! யன்னலூடாகப் பனி உள்ளே வர, சுவெற்றர் கைகளை விரல் நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சுருதி சேராமல் பாடிப் பேச்சு வாங்கியதும் நினைவிருக்கும். சுவரிலிருந்த படத்தில் காவியுடை தெரிந்தது. அந்தக் காவிக்குள் ஒரு விஞ்ஞானப் பட்டதாரி இருந்தார் என்பதையோ, யாழின் நரம்புகளை அவர் கணக்குப் போட்டு அளந்தார் என்பதையோ அந்நாளில் எமக்கு எவரும் சொல்லவில்லை.

நூற்றாண்டு மலருக்குக் கல்விக்குத் தொண்டு செய்த ஒருவரின் வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது நாம் அடிகளாரைத் தெரிந்தெடுத்தோம். உடப்புசல்லாவைத் தோட்டங்களின் பிள்ளைகள் சிலர் இப்போது இசை படிக்கப் பல்கலைக்கழகம் போகிறார்கள். அவர்கள் போகும் இடங்களுள் ஒன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அந்தப் பெயர் அங்கே எப்படி வந்தது என்பதை கொழும்பிலும் கோத்தகிரியிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் எம் சகோதரியர் அறிந்துகொள்ள வேண்டும் என்பது எமது விருப்பம்.

அடிகளார் 1892ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கிழக்கிலங்கையின் காரைதீவிலே பிறந்தார். தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மை. பிள்ளைக்கு இட்ட பெயர் மயில்வாகனம். காரைதீவு கண்ணகி அம்மன் கோயில் உள்ள ஊர். மட்டக்களப்புக் கரையோரத்தில் வருடந்தோறும் சடங்குக் காலத்தில் கண்ணகி கதையைப் பாட்டாகவே பாடுவார்கள். எமது லயங்களில் மாரியம்மன் திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் இராமுழுதும் விழித்திருந்து பாட்டுக் கேட்ட பிள்ளைகளுக்கு அது எப்படிப்பட்ட பாடசாலை என்று விளக்கத் தேவையில்லை. சிலப்பதிகாரம் அவருக்கு ஏட்டில் வருமுன் காதில் வந்துவிட்டது என்றே நாம் கருதுகிறோம்.

கல்முனையிலும் மட்டக்களப்பிலும் படித்தார். பின்னர் கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916இல் இரண்டு தகைமைகள் ஒன்றாக வந்தன: ஒன்று கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியின் விஞ்ஞான டிப்ளோமா, மற்றது மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம். ஒரே ஆண்டில் பௌதிகத்தையும் தொல்காப்பியத்தையும் ஒருவர் தூக்கிச் சுமந்தார் என்றால், அவர் பிற்காலத்தில் செய்த வேலையின் விதை அங்கேயே இருக்கிறது. யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்துக்குப் படித்து 1920இல் தேறினார். அவ்வாண்டே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். நல்ல பதவி, நல்ல சம்பளம். இரண்டு ஆண்டுகளில் அதை விட்டுவிட்டு மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்துக்குப் போய்விட்டார். 1924இல் துறவு பெற்று விபுலானந்தர் ஆனார்.

துறவி என்றால் மலைக்கோ காட்டுக்கோ போய்விடுவார் என்றுதான் நினைப்போம். இவர் திரும்பி வந்து பாடசாலைகளைப் பொறுப்பேற்றார். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலைகளை நடத்தினார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படிக்க இல்லங்களும் உண்டாயின. புலமைப்பரிசில் என்ற சொல் அங்கே வழங்கியதோ இல்லையோ, காரியம் அதுதான்: படிக்கக்கூடிய பிள்ளை சோற்றுக்கும் படுக்கைக்கும் வழியின்றி நின்றுவிடக் கூடாது.

1931இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர் பதவிக்கு அவரை அழைத்தார்கள். அது 1929இல் இராஜா சேர் அண்ணாமலைச் செட்டியார் தம் செல்வத்தைக் கொண்டு நிறுவிய பல்கலைக்கழகம். (இலங்கையிலும் பர்மாவிலும் கொடுக்கல் வாங்கலில் செழித்த செட்டிநாட்டின் செல்வம் அது. எமது மலைத் தோட்டங்களிலும் செட்டிமாரின் கடன் புழங்கியதை எம் பாட்டன்மார் அறிவர். அதில் ஒரு துளியாவது கல்வியாகத் திரும்பியதே என்று ஆறுதல் கொள்ளலாம்.) அங்கே தமிழ் இலக்கியமும் இசைக் கல்லூரியும் ஒரே வளவுக்குள் இருந்தன. பாட்டுப் படிக்கிறவர்களும் பல்கலைக்கழக மாணவர்களே என்ற நிலை அந்நாளில் பெரிய புதுமை. அதற்கு முன், இசை வேண்டுமானால் ஒரு குருவின் வீட்டுத் திண்ணையில் வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தத் திண்ணைகளிலும் எல்லோருக்கும் இடம் கிடைத்ததில்லை. பெண் பிள்ளைகளுக்கும் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அது எட்டாத திண்ணை.

அடிகளார் சிதம்பரத்தில் 1933 வரை இருந்தார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் அதற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையும் அவரைப் பிடித்துக்கொண்டன. அங்கே பேசப்படும் யாழ் என்ற கருவி தமிழ்நாட்டில் எங்கும் இல்லை. எப்படி இருந்தது, எத்தனை நரம்பு, எப்படிச் சுருதி கூட்டினார்கள் என்று சொல்லும் ஆளும் இல்லை. புலவர்களுக்கு இசைக் கணக்குத் தெரியவில்லை. வித்துவான்களுக்குப் பழைய உரை புரியவில்லை. இரண்டும் தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது.

அவர் செய்ததை எமக்கு விளங்கிய அளவில் சொல்கிறோம். ஒரு நரம்பை முழு நீளத்தில் மீட்டினால் ஒரு சுரம். அதைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் தாயியில். மூன்றில் இரண்டு பங்காக்கினால் பஞ்சமம், பழந்தமிழில் இளி. இப்படி இளிக்கு இளியாக ஏறிக்கொண்டு போனால் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழும் பிறக்கும். ஒவ்வொன்றையும் குரலாக மாற்றி வைத்தால் வெவ்வேறு பாலைகள் பிறக்கும். இதைப் பழைய நூல்கள் செய்யுளில் சொல்லியிருந்தன. அடிகளார் அதைப் பின்னமும் விகிதமுமாக எழுதிக் காட்டினார். தேவாரப் பண்களையும் அந்தக் கணக்குக்குள் கொண்டுவந்தார். சற்றேறக்குறைய 14 ஆண்டுகள் இந்த வேலை நடந்தது. இடையில் இமயமலைச் சாரலில் மாயாவதியில் தங்கி ஆங்கிலச் சஞ்சிகை நடத்தியபோதும் அது கூடவே இருந்தது.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அவரை அழைத்தது. பல்கலைக்கழகம் அப்போது கொழும்பில், ஒரு வயதுக் குழந்தை. உடல் தளர்ந்திருந்த அந்த ஆண்டுகளில் அவர் ஓய்வுக்காக எமது மலைநாட்டுக்கு வந்தார். வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவிலுள்ள ரொசல்லையில் தங்கி யாழ் நூலின் எழுத்து வேலையில் ஈடுபட்டார். தேயிலை மலைக்கு நடுவே அந்த நூல் வளர்ந்தது என்பதை எம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது முகத்தில் ஒரு மலர்ச்சி தெரிகிறது. அந்நாளில் நானுஓயாவிலிருந்து கந்தப்பளை வழியாக றாகலைக்கு ஒரு சின்ன ரயிலும் ஓடியது. உடப்புசல்லாவை ரயில் என்றே அதற்குப் பெயர். 1948இல் அது நின்றுவிட்டது.

யாழ் நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. 1947 யூன் 5ஆம், 6ஆம் திகதிகளில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றம் நடந்தது. நூலின் கணக்குப்படி செய்த யாழ்களை அங்கே மீட்டிக் காட்டினார்கள். எழுத்தில் மட்டும் இருந்த கருவி காதுக்கு வந்தது. அடிகளார் மெலிந்த உடலோடு அதைக் கேட்டார். யூலை 19ஆம் திகதி கொழும்பில் மறைந்தார். வயது 55. கல்லடி உப்போடையில், தாம் எழுப்பிய பாடசாலை வளவிலேயே அடக்கமானார்.

யாழ் நூலைப் படித்துவிட்டு எவரும் யாழ் வாசிக்கத் தொடங்கிவிடவில்லை என்று குறை சொல்வோர் உண்டு. எமக்கு அதன் பயன் வேறிடத்தில் தெரிகிறது. இசை என்பது இலக்கியத்தையும் கணிதத்தையும் போல ஆராயவும் பரீட்சிக்கவும் பட்டம் கொடுக்கவும் உரிய துறை என்பதற்கு எமது மொழியில் அவர் எழுதி வைத்த சாட்சி அது. அவர் மறைந்து பல ஆண்டுகளின் பின் இந்நாட்டில் அது நிறைவேறியது. மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகம் 1970களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. கல்லடியில் 1982இல் அவர் பெயரால் ஓர் இசை நடனக் கல்லூரி தொடங்கியது. பின்னர் அதுவே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாயிற்று. 1981இல் ஏற்பட்ட மகாபொல நிதியம் மருத்துவம் படிக்கிறவருக்கும் வாய்ப்பாட்டுப் படிக்கிறவருக்கும் ஒரே கண்ணோடு புலமைப்பரிசில் வழங்குகிறது. புள்ளியையும் குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள், பாடத்தைப் பார்ப்பதில்லை.

ஆனால் எமது மலையில் கதவு பிந்தியே திறந்தது. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வரத் தொடங்கியது 1970களில். அடிகளார் மறைந்த மறு ஆண்டு எம்மவரின் குடியுரிமையும் போயிற்று. தப்பு அடிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் அருச்சுனன் தபசு பாடத் தெரிந்த பிள்ளைக்கும் அந்த ஞானம் ஒரு பாடம் என்று சொல்ல எவரும் இருக்கவில்லை.

எமக்குத் தெரிந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம். இருவரின் தாய்மாரும் கொழுந்து பறிப்பவர்கள். இருவரும் உயர்தரத்தில் கர்நாடக சங்கீதம் எடுத்தார்கள், சித்தியும் அடைந்தார்கள். ஒருத்தி செயன்முறைத் தேர்வுக்குப் போய்த் தெரிவாகி, மகாபொலவும் பெற்று, இன்று சங்கீத ஆசிரியை. மற்றவளின் குரல்தான் எமக்கு மேலாகப் பட்டது. அவள் தேர்வுக்குப் போகவில்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை: இரண்டு பேருக்கு பஸ் காசு, ஓர் இரவு தங்க இடம், தாய்க்கு இரண்டு நாள் பெயர் விழாது. அவ்வளவுதான். கேட்டிருந்தால் கொடுத்திருப்போம். கேட்க அவளுக்கு வெட்கம். கேட்டுப் பார்க்க எமக்குத் தோன்றவில்லை. புலமைப்பரிசில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த பிறகே தொடங்குகிறது. வாசல்வரை போகும் வழிக்கு எவரும் காசு ஒதுக்குவதில்லை.

அதன் பிறகு சங்கம் அந்தச் செலவைத் தானாகவே பொறுப்பேற்றுக்கொண்டது. பிள்ளைக்கும் கூடப் போகும் தாய்க்கும் பயணக் காசு, தங்குமிடம், தெரிவானால் மகாபொலவின் முதல் தவணை கைக்கு வரும்வரை கைச்செலவு. சங்கீத அறை அலுமாரியில் இரவல் கொடுக்க இரண்டு சுருதிப் பெட்டிகளும் ஒரு வயலினும் இருக்கின்றன. வயலினுக்கு ஒரு தந்தி அறுந்திருக்கிறது. இவ்வருடம் மூன்று பிள்ளைகள் தேர்வுக்கு ஆயத்தமாகிறார்கள்.