சில்லாலை தந்த அடைக்கலம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சமய வரலாற்றிலே யோசேவாஸ் முனிவருக்குத் தனியிடம் உண்டு. ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் துணைநின்ற அப்பெரியாரின் வரலாறு கத்தோலிக்கருக்கு மாத்திரம் உரியதன்று என்பது என் துணிபு.

அவர் 1651 ஆம் ஆண்டு ஏப்பிரல் 21 ஆம் நாள் கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரிலே, கிறித்தவத்தைத் தழுவிய கொங்கணப் பிராமணக் குடும்பமொன்றிற் பிறந்தார். 1676 இல் குருவானார். இலங்கைக் கத்தோலிக்கர் குருமாரின்றித் தவிக்கின்றனர் என்ற செய்தி அவர் உள்ளத்தை உருக்கிற்று. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றியதோடு, அவர்களுக்குப் புகலிடம் அளிப்போர்க்கு மரணதண்டனை என்றும் ஆணையிட்டிருந்தனர்.

1687 இல் அடிகளார் ஏழையின் கோலம் பூண்டு கடல் கடந்தார். யாழ்ப்பாணத்தை அடைந்தபோது கொடிய வயிற்றுக்கடுப்பு அவரை வாட்டிற்று. தேறியபின், கழுத்திலே செபமாலை அணிந்து வீடுதோறும் பிச்சையேற்றார். அம்மாலையைக் கண்டு அன்பு காட்டினோரைக் கொண்டே மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை அவர் இனங்கண்டார். பின்னர் சில்லாலை மக்கள் அவரைத் தம் ஊரில் மறைத்துக் காத்தனர். வழிபாடெல்லாம் இரவிலேயே நிகழ்ந்தன. 1689 ஆம் ஆண்டு நத்தார் இரவிலே ஒல்லாந்தப் படையினர் புகுந்து, வழிபடக் கூடியிருந்தோரைச் சிறைப்பிடித்தனர், அடிகளாரோ அகப்படவில்லை.

அதன்பின் புத்தளம் வழியாக 1692 இல் கண்டி சென்றவர், போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தாற் சிறையிடப்பட்டார். எனினும், பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன் காலப்போக்கில் அவருக்கு உரிமையளித்தான். 1711 சனவரி 16 இல் கண்டியிலேயே அவர் உயிர் நீத்தார். 2015 இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் என் நினைவிலே இன்னொன்றும் எழுகின்றது. அடிகளார் பிறந்த அதே கோவாவில் 1560 முதல் சமய விசாரணை மன்றம் இயங்கிற்று. போர்த்துக்கலிலே கட்டாய ஞானஸ்நானம் பெற்ற யூதரின் வழித்தோன்றல்கள் அதனாற் பெருந்துன்புற்றனர். மூலிகைநூல் இயற்றிய கார்சியா த ஓர்த்தா என்னும் மருத்துவர் 1568 இல் இறந்தார்; யூத சமயத்தை மறைவிற் போற்றினார் என்ற குற்றத்திற்காக, 1580 இல் அவர் எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்தனர். அம்மன்றத்துக்கு அஞ்சிப் போர்த்துக்கலினின்றும் ஓடிய யூதர் பலருக்கு ஒல்லாந்தின் ஆம்சுடர்டாம் புகலளித்தது. 1675 இல் அவர்கள் அங்கே பெரிய தொழுகைக்கூடம் ஒன்றையும் எழுப்பினர். யூதருக்குப் புகலளித்த அதே ஒல்லாந்தரே இங்கே சில்லாலையாரை அச்சுறுத்தினர்! கத்தோலிக்கப் போர்த்துக்கேயரோ 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர்.

ஆதலின், நாம் பட்டதை மாத்திரம் நினைத்தல் பாதி உண்மையே ஆகும். நம்மவர் பிறர்க்கு இழைத்ததையும் உடன் நினைத்தல் வேண்டும். 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூதர்மீதான வெறுப்பைக் கண்டித்தது. 2000 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் எருசலேமில் யூதரின் மேற்குச் சுவரருகே நின்று மன்னிப்பு வேண்டினார். அதுபோன்ற நினைவுகூரல் நம் குடாநாட்டிலே சைவரும் கிறித்தவரும் கூடிச் செய்யத்தக்கது. 1697 இல் கண்டியிலே அம்மைநோய் பரவியபோது, நோயாளரின் சமயம் வினவாது பணிசெய்த அடிகளாரின் வாழ்வு அதற்கு நல்வழி காட்டும்.