கரிசல் மண்ணில் ஒரு வண்ணத் துறவி

கயத்தாற்றிலிருந்து வடக்கே கோவில்பட்டி வரை நீண்டு கிடப்பது கரிசல் நிலம். மழை பொய்த்தால் பாளம் பாளமாக வெடிக்கும் கருமண். பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் மானாவாரிக் காடு. வெளியே வண்ணம் குறைந்த இந்நிலத்தில், வீட்டுச் சுவர்களில் மட்டும் செம்பட்டும் மயிற்கழுத்து நீலமும் பொன்னும் ஒளிர்ந்தன. அவை காலண்டர் படங்கள். அவற்றுள் பலவற்றின் மூலத்தைத் தீட்டியவர் ஓவியர் சி. கொண்டைய ராஜு. இவ்வழியிலுள்ள இடைசெவல் ஈன்ற கி. ராஜநாராயணனையும் கு. அழகிரிசாமியையும் தமிழிலக்கியம் அறியும். கோவில்பட்டியில் வாழ்ந்த இவ்வோவியரைத் தமிழ் வீடுகள் அறியும். பெயர் அறியாமலே அறியும்.

1898இல் பிறந்த கொண்டைய ராஜு, 1850இல் நிறுவப்பெற்ற சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றார். ஒளியும் நிழலும் கலந்து உடலுக்குத் திரட்சி தருதல், அண்மையும் சேய்மையும் தோன்றக் காட்சியை அமைத்தல் முதலிய மேனாட்டு முறைகள் அங்கே அவருக்குக் கைவந்தன. அப்பயிற்சி பெற்றோர்க்குப் பள்ளி ஆசிரியப் பணியும் செல்வர் வீட்டு உருவப்படங்களும் காத்திருந்த காலம் அது. அவர் மனமோ திருவண்ணாமலையை நாடியது. கோவணம் ஒன்றையே உடையாகக் கொண்ட இரமண மகரிஷியின் அருகில் சில காலம் வாழ்ந்தார்; அவர் திருவுருவையும் தீட்டினார். துறவியாக அங்கேயே நிலைத்துவிடவில்லை. தூரிகை அவரை மீண்டும் அழைத்தது. ஆயினும் மலையடிவாரத்தில் பெற்ற எளிமை இறுதிவரை அவருடன் நடந்தது.

அடுத்து அவரை ஏற்றுக்கொண்டது நாடக மேடை. அரசவை, நந்தவனம், காடு, கைலாயம் என நாடகக் குழுவுக்கான திரைச்சீலைகளை எழுதினார். நாடகத் திரைக்கு ஓர் இலக்கணம் உண்டு. விளக்கொளியில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் காட்சி ஒரு நொடியில் விளங்க வேண்டும். ஆகவே வண்ணம் துணிவாக இருத்தல் வேண்டும்; வேண்டாத கோடு ஒன்றும் கூடாது. ஓவியப் பள்ளி கற்பிக்காத இப்பாடத்தை மேடை கற்பித்தது. 1940களின் தொடக்கத்தில் குழு கோவில்பட்டியில் கலைந்தது. பிறர் ஊர் திரும்பினர். கொண்டைய ராஜு அவ்வூரிலேயே தங்கிவிட்டார்.

அருகிலுள்ள சிவகாசியில் அச்சுத்தொழில் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. உழவனை வருத்திய வறண்ட காற்று, காகிதம் சுருங்காமலும் மை விரைந்து உலரவும் துணை நின்றது. வணிகர்கள் ஆண்டுதோறும் வாடிக்கையாளர்க்கு வழங்கக் காலண்டர்களை நாடினர். அவற்றுக்குத் தெய்வப் படங்கள் வேண்டியிருந்தன. மேடைத் திரை எழுதிய கை இப்போது சுவரில் தொங்கும் தாளுக்கு எழுதத் தொடங்கியது.

இரவிவர்மா 1894இல் பம்பாய்க்கு அருகே அச்சகம் நிறுவித் தெய்வங்களைத் தாளில் பரப்பியிருந்தார். கொண்டைய ராஜுவும் அவ்வழியில் வந்தவரே. எனினும் அவர் தெய்வங்கள் நிற்கும் முறை வேறு. இரவிவர்மாவின் மாந்தர் பல படங்களில் தம் கதையில் ஆழ்ந்திருப்பர். கொண்டைய ராஜுவின் முருகனும் இலக்குமியும் பார்ப்பவரை நேர்நோக்கி நிற்பர். அவருடைய புகழ்பெற்ற மீனாட்சி திருக்கல்யாணத்தில், மதுரைக் கம்பத்தடி மண்டபத்தில் சிற்பி நிறுத்திய அதே மூவர்: தங்கையைத் தாரைவார்க்கும் திருமால், நாணி நிற்கும் மணமகள், கரம் பற்றும் சொக்கர். கல்லில் இருந்த அமைதியைக் குலைக்காமல் அதற்கு வண்ணம் தந்த படம் அது.

அச்சு எந்திரம் அறிந்தவை மஞ்சள், சிவப்பு, நீலம், கருப்பு என்னும் 4 மைகளே. மிக நுண்ணிய நிறபேதங்கள் அச்சில் மங்கிப்போகும். யாப்புக்குள் நின்று பாடும் புலவனைப் போல அவ்வெல்லைக்குள் நின்று தீட்டினார் ஓவியர். தெளிந்த நிறங்கள், மாசற்ற முகம், ஒதுங்கி நிற்கும் பின்புலம் என்பவை அவர் கண்ட இலக்கணம்.

இவ்வெளிமையின் பயனை அறியக் காலத்தை நோக்க வேண்டும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கதவு தாழ்த்தப்பட்டோர்க்குத் திறந்தது 1939 ஜூலை 8ஆம் நாள். மாநிலம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947இல். கருவறை முன் நின்றறியாத குடும்பத்துக்கு, கடைக்காரர் விலையின்றித் தந்த தாளில் தெய்வம் நேர்முகம் காட்டியது. அத்தாளுக்கு முன் விளக்கேற்ற எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், மீனாட்சிசுந்தரம் முதலிய மாணவர்களே அவர் குடும்பம். மாணவர் பெயரையும் தம் பெயருடன் இணைத்துப் படத்தடியில் எழுதும் பெருந்தன்மை அவரிடம் இருந்தது. தூரிகையில் இருந்த பட்டும் பொன்னும் அவர் வாழ்வில் இல்லை.

கலையுலகின் மேல்தட்டில் காலண்டர் ஓவியம் என்பது நெடுங்காலம் இகழ்ச்சிச் சொல்லாகவே வழங்கியது. ஒரே படம் ஆயிரமாயிரமாய்ப் பெருகுவதும், அதன் கீழ் கடைப்பெயர் இருப்பதும் கலைக்கு இழுக்கு என எண்ணினர். அவரோ அந்த இகழ்ச்சிக்கு மறுமொழி தேடாமல் 1976இல் மறையும்வரை கோவில்பட்டிக்காரராகவே வாழ்ந்தார்.

ஆண்டு முடிந்ததும் நாட்தாள்கள் கிழிந்து தீரும். கரிசல் வீட்டார் படத்தை மட்டும் வெட்டியெடுத்துக் கண்ணாடிச் சட்டமிட்டு மாடத்தில் வைப்பர். சட்டத்தின் அளவுக்கு ஓரத்தை நறுக்குகையில் கடையின் பெயரோடு ஓவியரின் கையெழுத்தும் போய்விடுவதுண்டு. எஞ்சுவது திருமுகம் ஒன்றே. அதற்கு முன் விளக்கு எரியும்.