குமரித் தந்தை மார்ஷல் நேசமணி

ஒரு நிலத்தின் எல்லையை அரசாணை வகுக்கலாம். ஆனால் அந்நிலத்தின் உயிரை வகுப்பது அங்கு வாழும் மக்களின் மொழியே ஆகும். இவ்வுண்மையைத் தம் வாழ்வால் மெய்ப்பித்தவர் மார்ஷல் அ. நேசமணி. அன்னாரின் வரலாற்றை இளைய தலைமுறையினர் அறிதல் வேண்டும் என்னும் விழைவால் இங்குச் சில செய்திகளைத் தொகுத்துரைக்கிறோம்.

தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்று திருவிதாங்கூரின் தென்கோடியாக விளங்கின. நாஞ்சில் வயல்களின் நெல் அவ்வரசுக்கு உணவளித்தது. தக்கலையில் பீர்முகம்மது அப்பா ஞானப் பாடல்களை யாத்ததும், இடலாக்குடியில் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் தோன்றியதும், தேரூரில் கவிமணி பிறந்ததும் இம்மண்ணிலேதான். ஆயினும் அலுவலகங்களில் கோலோச்சியது மலையாளமே. வழிவழியாகத் தமிழ் பேசிய மக்கள் தம் சொந்த மண்ணிலேயே அயலாராயினர்.

1895 ஜூன் 12 அன்று விளவங்கோடு வட்டத்துப் பள்ளியாடியில் நேசமணி பிறந்தார். சட்டம் பயின்று நாகர்கோவிலில் வழக்கறிஞரானார். நீதிமன்றத்தில் உயர்சாதி வழக்கறிஞர்க்கு நாற்காலியும் ஏனையோர்க்கு முக்காலியும் இட்டிருந்த இழிவழக்கத்தை அவர் முதல் நாளிலேயே எதிர்த்து முக்காலியை உதைத்தெறிந்தார் என்பது அவ்வூரில் வழங்கும் செய்தி. 1943-இல் நாகர்கோவில் நகராட்சித் தலைவரானார். சாதிக் கொடுமையை எதிர்த்த அதே நெஞ்சுரமே பின்னர் மொழியுரிமைப் போரிலும் அவரை வழிநடத்தியது என நாம் கருதுகிறோம்.

1947-இல் அவர் திருவிதாங்கூர் தமிழர் இயக்கத்தில் இணைந்தார். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அவரது தலைமையில் வலுப்பெற்றது. அவர் நாடாளுமன்றத்திலும் தம் மக்களின் குரலை ஒலித்தார். 1954 ஜூலையில், தேவிகுளம் பகுதித் தோட்டத் தமிழர்க்காகத் தடையை மீறி நேசமணி, அப்துல் ரசாக், சிதம்பரநாதன் ஆகியோர் கைதாயினர். கிறித்தவரும் இசுலாமியரும் இந்துக்களும் தமிழால் ஒன்றி நின்ற காட்சியை அங்குக் காண்கிறோம். அவ்வாண்டு ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் எளிய மக்கள் பலர் உயிர் ஈந்தனர்.

பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955-இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் பயனாக 1956 நவம்பர் 1 அன்று நான்கு வட்டங்களும், செங்கோட்டை வட்டத்தின் ஒரு பகுதியும் தமிழகத்தோடு இணைந்தன. கன்னியாகுமரி மாவட்டம் மலர்ந்தது. ஆனால் தேவிகுளமும் பீருமேடும் நெய்யாற்றின்கரையும் சித்தூரும் இணையவில்லை. வெற்றியின் மகிழ்வோடு இவ்விழப்பின் துயரையும் சுமந்தவர் நேசமணி. 1968 ஜூன் 1 அன்று, நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த நிலையிலேயே அவர் மறைந்தார்.

எல்லை வகுத்ததோடு சிக்கல்கள் தீர்ந்துவிடவில்லை. தமிழக மண்ணில் நிற்கும் பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரள அரசே பேணி வருகிறது. விளவங்கோட்டு வயல்களுக்கு நெய்யாற்று இடதுகரைக் கால்வாயில் வந்த நீர் 2004-இல் நின்றுபோனது. அரண்மனையை இரு மாநிலத்தாரும் மனமொத்துப் போற்ற முடிகிறது. ஆற்று நீரை அவ்வாறு பகிர்ந்துகொள்ளல் ஏன் இயலாது? எல்லைக்கு அப்பால் தமிழ்க் குழந்தைகளுக்கும், இப்பால் மலையாளக் குழந்தைகளுக்கும் தாய்மொழிக் கல்வி தடையின்றிக் கிடைத்தல் வேண்டும். தம் மொழிக்குக் கேட்ட உரிமையைப் பிறர் மொழிக்கும் வழங்குவதே நேசமணியின் போராட்டத்திற்கு நாம் செய்யும் நன்றியாகும்.

தமிழ் பயிலும் மாணவர்கள் அவ்வெல்லைப்புற ஊர்களுக்குச் செல்லுதல் வேண்டும். அங்கு வழங்கும் சொற்களையும் பாடல்களையும், போராட்டம் கண்ட முதியோரின் நினைவுகளையும் மறையுமுன் தொகுத்தல் வேண்டும். நேசமணி மீட்டளித்த மண்ணின் பண்பாட்டை ஏட்டில் ஏற்றிக் காக்கும் கடமை நம்முடையதே.