தேர்வில் தோற்ற மேதை

1887ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 22ஆம் நாள், ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் இராமானுசர் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் குடந்தையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதி வந்தவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடுபவர்.

அகவை மூன்றாகியும் குழந்தை பேசவில்லை. ஊமையோ என்று பெற்றோர் உளம் நைந்தனர். தாயார் மகனை அழைத்துக்கொண்டு, அப்போது காஞ்சியில் வாழ்ந்துவந்த தம் தந்தையாரிடம் சென்றார். பாட்டனார் தரையில் அரிசியைப் பரப்பினார். பேரனின் சிறு கையைத் தம் கையிற் பற்றி எழுத்தை வரைவித்தார். வரையும்போதே அதன் ஒலியையும் வாய்விட்டுச் சொன்னார். கண் வடிவைக் கண்டது. விரல் வளைவை உணர்ந்தது. செவி ஒலியைக் கேட்டது. நாளடைவில் குழந்தையின் நாவும் எழுந்தது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216 ஆகிய எல்லாம் அவனுக்கு வசமாயின. எழுத்தறிவதில் இடர்ப்படும் சிறுவர்க்குக் கண், செவி, கை ஆகிய மூன்றையும் ஒருங்கே பழக்கிக் கற்பிக்கும் முறையை இக்காலக் கல்வியறிஞரும் கைக்கொள்கின்றனர். அப்பாட்டனார் அதனை எந்த நூலிலும் படித்தறிந்தவர் அல்லர்.

1897இல் நடந்த தொடக்கப்பள்ளித் தேர்வில் இராமானுசர் மாவட்டத்திலேயே முதல்வராய்த் தேறினார். மறு ஆண்டு குடந்தை நகர உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். பதினாறாம் அகவையை ஒட்டி, கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்கு எட்டியது. ஏறத்தாழ 5,000 முடிவுகள் அதில் இருந்தன. நிறுவும் வழிகளோ மிகச் சிலவே. அவ்வழிகளைத் தாமே காண முனைந்தார் இளைஞர். தாள் வாங்கப் பொருளில்லை. ஆதலின் கற்பலகையில் எழுதுவார், முழங்கையால் அழிப்பார், மீண்டும் எழுதுவார், முடிவை மட்டும் குறிப்பேட்டில் பொறிப்பார்.

1904இல் கணிதப் பரிசுடன் பள்ளியை விட்டு, உதவித்தொகை பெற்றுக் குடந்தை அரசினர் கல்லூரியிற் புகுந்தார். இடர் அங்கே தொடங்கியது. அவர் உள்ளம் கணிதம் ஒன்றிலேயே ஆழ்ந்துவிட்டது; மற்றப் பாடங்களில் ஒட்டவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தவறினார், உதவித்தொகை பறிபோயிற்று. நாணம் தாங்காமல் 1905இல் வீட்டாரிடம் சொல்லாமலே விசாகப்பட்டினத்திற்கு ஓடினார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே உடலியல் பாடம் அவரை வீழ்த்தியது. அவ்வாண்டும் மறு ஆண்டும் இடைநிலைத் தேர்வில் தோற்றார். எல்லாப் பாடங்களிலும் தேறினாலன்றித் தேர்ச்சியில்லை என்பது அந்நாளைய விதி. கணிதத்தில் எத்துணை மதிப்பெண் வரினும் உடலியலில் நேர்ந்த குறையை அது நிரப்பாது.

அறிவிற் குறையாதிருந்தும் படித்தலில் மட்டுமோ, எழுதுதலில் மட்டுமோ, எண்ணுதலில் மட்டுமோ இடர்ப்படும் மாணவர் பலர் உளர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனைக் கற்றல் குறைபாடு என ஏற்றுக்கொண்டது. அவர்க்குப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் முதலிய உதவிகளும் கிடைக்கின்றன. இராமானுசருக்கு அக்குறை இருந்ததெனக் கூறுதல் பொருந்தாது. பத்தாம் அகவையில் மாவட்ட முதல்வராய் வந்தவரல்லவா! அவர் இயல்பு வேறு. ஆயினும், எல்லாரையும் ஒரே முழக்கோலால் அளந்த கல்விமுறை இழைத்த துன்பம் இருதிறத்தார்க்கும் ஒன்றேயாம். பட்டமின்றி, ஊதியமின்றி, பல நாள் வயிறார உணவுமின்றி அவர் கழித்த ஆண்டுகள் சில அல்ல. 1909இல் திருமணமும் நிகழ்ந்தது. வேலை தேட வேண்டிய கட்டாயம் வந்தது.

சவ்வாது மலையடியிலுள்ள செங்கத்திலிருந்து திருவண்ணாமலை வழியே தெற்கு நோக்கிச் சென்றால், தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூர் தோன்றும். 1910இல் அவ்வூரில் துணை ஆட்சியராய் இருந்தவர் இராமசாமி ஐயர். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. எழுத்தர் வேலை ஒன்று வேண்டி, குறிப்பேடுகளைச் சுமந்து அங்கே சென்றார் இராமானுசர். ஏடுகளைப் புரட்டிய ஐயர் வியந்தார். இம்மேதையை வருவாய்த்துறையின் கடைநிலை வேலையில் அமர்த்துதல் தகாது எனத் தேர்ந்து, சென்னையிலுள்ள கணித அன்பர்க்கு மடல் தந்து அனுப்பினார். பசியோடு வந்தவர்க்கு வேலை மறுத்தது கொடுமை போலத் தோன்றலாம். ஆயினும், தேர்வுத் தாளை நோக்காது குறிப்பேட்டை நோக்கிய முதல் அதிகாரி அவரே எனலாம்.

அதன்பின் கைகள் பல நீண்டன. நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் திங்கள்தோறும் 25 ரூபாய் அளித்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் பணி கிடைத்தது. அங்குத் தலைமைக் கணக்கராய் இருந்த நாராயண ஐயர், தாமும் கணிதம் வல்லவர் ஆதலின், மாலைப் பொழுதுகளில் அவருடன் அமர்ந்து கணித்தார். 1913 சனவரியில் இராமானுசர் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்கு மடல் விடுத்தார். அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெறாத அவருக்குத் திங்கள் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. விதி வளைந்தது, வளைந்ததனால் பல்கலைக்கழகத்துக்குப் புகழே சேர்ந்தது.

1914இல் கடல் கடந்து சென்றவரை எவ்வாறு பயிற்றுவது என்பது ஆர்டிக்குப் பெருஞ்சிக்கலாயிற்று. கணிதத்தில் ஒவ்வொரு படியையும் நிறுவிக் காட்டும் முறையை இராமானுசர் முறையாகக் கற்றிலர். தொடக்கத்திலிருந்து வரிசையாகக் கற்பிக்கப் புகின், அவருடைய தனித்திறன் மங்கிவிடும் என அஞ்சினார் பேராசிரியர். எனவே இன்றியமையாதன சிலவற்றை மட்டும் உணர்த்தி, மற்றவற்றில் அவர் போக்கிலேயே விட்டார். தாமும் அவரிடம் கற்றார். 1916இல் ஆராய்ச்சிக்காகவே கேம்பிரிட்சு பட்டம் அளித்தது. 1918இல் அரச கழக உறுப்பினர் என்னும் உயர்பேறும் வந்தது.

ஆனால் உடல் தளர்ந்துவிட்டது. 1919இல் தாயகம் திரும்பினார். நோய்ப் படுக்கையிலும் எழுதுதலை விட்டாரில்லை. 1920 ஏப்பிரல் 26ஆம் நாள், சென்னைச் சேத்துப்பட்டில் தம் 32ஆம் அகவையில் மறைந்தார். அவ்விறுதி ஆண்டில் எழுதிய தாள்கள் இங்கிலாந்து சென்று, திரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1976இல் ஆண்டுரூசு என்னும் அமெரிக்கப் பேராசிரியர் அவற்றைக் கண்டெடுத்தார். அத்தாள்களில் நிறுவுதலின்றி நின்ற முடிவுகளுக்கு வழி காண்பதிலேயே கணித வல்லுநர் பலர் பல்லாண்டுகள் உழைத்தனர்.